சென்னைப் பூங்காக்களில் வலசைப் பறவைகள்: ஆவணி முதல் கார்த்திகை வரை எங்கே, எப்போது பார்ப்பது?

மயிலை_நடை
வணக்கம். பள்ளிக்கரணைக்கும் பழவேற்காட்டுக்கும் போனால்தான் வலசைப் பறவை பார்க்க முடியும் என்கிறார்கள் பலர். நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் கோபுரப் பூங்கா மாதிரி, நடைப்பயிற்சிக் கூட்டத்துக்கு நடுவே இருக்கும் சிறிய பூங்காக்களில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை உண்மையில் என்னென்ன வரும்? எந்த நேரத்தில், எந்த மூலையில் நிற்க வேண்டும்? காகம், மைனா, கிளி, செம்போத்து, குயில் எல்லாம் தெரியும். அதைத் தாண்டித் தெரியாது. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கதிர்
நீர்ப்பறவைக்கு ஏரி வேண்டும். ஆனால் வலசை வருவதில் பெரும் பங்கு மரத்தையும் புதரையும் நம்பி வரும் சிறு பறவைகள். அவை இரவில் பறந்து, விடியும்போது கீழே தெரியும் பச்சைத் திட்டில் இறங்குகின்றன. கட்டடங்களுக்கு நடுவே நாலு ஏக்கர் மரம் இருந்தால் அது போதும்.

வரிசை தோராயமாக இப்படி:

ஆகஸ்டிலேயே சூறைக்குருவி வந்துவிடும். குளம் உள்ள இடம் என்றால் உள்ளானும் வரும். சேத்துப்பட்டு சூழல் பூங்கா, தொல்காப்பியப் பூங்கா போன்ற இடங்களில் கரையோரம் பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடக்கும் பறவை அதுதான். தோளுக்கு முன்னால் வெள்ளை மேலேறி இருக்கும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை பழுப்புக் கீச்சான், சாம்பல் வாலாட்டி, கொடிக்கால் வாலாட்டி, தகைவிலான்.

செப்டம்பர் பின்பாதியில் பிளித் நாணல் கதிர்க்குருவி, இலைக் கதிர்க்குருவிகள், பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில்.

அக்டோபர்தான் உச்சம். ஆறுமணிக் குருவி, செந்தலைப் பூங்குருவி, பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். அதிர்ஷ்டம் இருந்தால் இந்திய நீல ராபினும் ஓரிரு நாள் தங்கிப் போகும். நவம்பரில் சாம்பல் கரிச்சானையும் சாம்பல்தலை மைனாவையும் எதிர்பார்க்கலாம்.

நேரம்: இந்த மாதங்களில் சென்னையில் சூரியன் ஆறு மணியையொட்டி உதிக்கும். 6 முதல் 6.30 வரை தரையைப் பாருங்கள். ஆறுமணிக் குருவியும் பூங்குருவியும் வெளிச்சம் குறைவாக இருக்கும்போதுதான் திறந்த இடத்துக்கு வரும். 6.30 முதல் 8 வரை மேலே பாருங்கள். கிழக்கு வெயில் முதலில் படும் மரவிளிம்பில் பூச்சிகள் சூடேறிக் கிளம்பும், கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் அங்கே கூடும். நடைபாதையில் மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாம் கருநிழலாகத்தான் தெரியும். சூரியனை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8.30-க்கு மேல் ஓய்ந்துவிடும். மாலை 5 மணிக்கு மேல் இன்னொரு சுற்று கிடைக்கும்.

கிண்டி சிறுவர் பூங்கா விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறக்கும். அங்கே போவதென்றால் மாலை நேரம் மேல்.

நடந்துகொண்டே பார்க்காதீர்கள். இருபது அடி நடந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். மாம்பழச்சிட்டு, தையல்சிட்டு, தேன்சிட்டு எல்லாம் ஒரே மரத்தில் சலசலத்தால் அங்கேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். வந்து இறங்கும் கதிர்க்குருவி பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டத்தோடுதான் சேர்ந்து மேயும். தண்ணீர்க் குழாய் கசியும் இடம், தெளிப்பான் நனைக்கும் மண், இரண்டையும் விடாதீர்கள்.

சருகு
கதிர் சொன்ன பட்டியலில் சில தரைப் பறவைகள். ஆறுமணிக் குருவி, பூங்குருவி, நீல ராபின், கொடிக்கால் வாலாட்டி நான்கும் சருகைப் புரட்டிப் புழு, பூச்சி தின்பவை. சருகு இல்லாத பூங்காவில் இவை விடியலில் இறங்கினாலும் அன்றைக்கே நகர்ந்துவிடும். நம் பூங்காக்களில் தினமும் காலை ஐந்து மணிக்கே துடைப்பம் விழுகிறது. மரம் நூறு வருஷத்து மரமாக இருக்கலாம், அடியில் சிமென்ட் தரை போல மண் இருந்தால் வலசைக்கு அது பாதிப் பூங்காதான்.

ஆகவே பார்க்கப் போகும்போது முதலில் தேட வேண்டியது பறவையை அல்ல, பெருக்காத மூலையை. பம்ப் அறைக்குப் பின்புறம், மதில் ஓரம், உரக்குழி பக்கம், பூட்டிய கழிப்பறைக்குப் பின்னால். பார்க்க அழகாக இருக்காது, பறவை அங்கேதான் இருக்கும். இலைகள் ஒழுங்காக, விட்டுவிட்டு, 'சர்... சர்' என்று புரளும் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். தவிட்டுக்குருவி என்றால் ஆறேழு சேர்ந்து ஒரே சத்தமாக இருக்கும். தனியாக, தத்தித் தத்திப் புரட்டினால் பெரும்பாலும் பூங்குருவி அல்லது ஆறுமணிக் குருவி.

கொடிக்கால் வாலாட்டியை அடையாளம் காண ஒரு வழி போதும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது இடமும் வலமும் ஆட்டும், உடம்பே சேர்ந்து அசையும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. மர நிழலில் நடக்கும், துரத்தினால் கிளைக்கு ஏறும்.

மயிலை_நடை
நன்றி கதிர் அண்ணா, சருகு அண்ணா. இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, இலைக் கதிர்க்குருவிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, எப்படிப் பிரிப்பது? இரண்டு, பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி ஒரே மரத்தின் கீழ் ஐந்து நிமிடத்தில் நாலு விதமான பெயர் காட்டுகிறது, நம்பலாமா? மூன்று, எந்தத் தொலைநோக்கி வாங்குவது?

கதிர்
முதல் கேள்விக்கு நான்.

இலைக் கதிர்க்குருவியை நிறத்தால் பிரிக்க முயலாதீர்கள். இலை வழியே வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடும். குரல்தான் வழி. மூன்று வகையின் ஆங்கிலப் பெயரும் குரலும் இப்படி. கிரீனிஷ் இரண்டு அசை: 'ச்சிஸ்-லிட்', சட்டென்று முடியும். கிரீன் மூன்று அசை: 'ச்சி-ரி-விட்'. லார்ஜ்-பில்டு மெதுவான சீழ்க்கை, இரண்டு சுரம், இரண்டாவது மேலேறும். சென்னை நகருக்குள் முதலில் கிரீனிஷ் என்று நினைத்துத் தொடங்குங்கள். மற்ற இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் இலங்கையிலும் கூடுதல். குரல் கேட்காத பறவையை 'இலைக் கதிர்க்குருவி இனம்' என்று எழுதி விட்டுவிடுவதே சரியான பதிவு.

பிளித் நாணல் கதிர்க்குருவி வேறு கதை. பெயரில் நாணல் இருக்கிறதே தவிர, குளிர்காலத்தில் அது புதர்ப் பறவை. செம்பருத்தி வேலி, போகன்வில்லா அடர்த்தி, தொட்டாலே முள் குத்தும் இடம், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து 'ச்செக்... ச்செக்' என்று நாக்கைத் தட்டுவது போல ஒலிக்கும். புருவக்கோடு கண்ணுக்கு முன்னால் மட்டும் தெளிவு, பின்னால் மங்கிவிடும். முதுகு ஒரே பழுப்பு. தையல்சிட்டோடு குழப்பம் வரும். அதற்கு வால் நிமிர்ந்து நிற்கும், தலை உச்சி செம்பழுப்பு, குரல் உரத்துத் தொடரும். ஐரோப்பாவின் கிழக்கிலும் சைபீரியாவிலும் முட்டையிட்டு, சுமார் 12 கிராம் உடம்போடு இங்கே வருகிறது. ஒரே வேலியை ஏப்ரல் வரை விடாமல் காக்கும். வேலியை அக்டோபரில் ஒட்ட வெட்டினால் அதோடு போயிற்று.

ஈப்பிடிப்பான்கள்: பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. பழுப்பு மார்புக்குக் கால் வெளிர் மஞ்சள், கீழலகும் முழுக்க மஞ்சள். இரண்டுமே தாழ்ந்த காய்ந்த குச்சியில் உட்கார்ந்து, பூச்சி பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும். பறந்தவுடன் பின்தொடர வேண்டாம். குச்சியிலேயே குறி வைத்திருங்கள், திரும்பி வரும்போது காலைப் பாருங்கள்.

பழுப்புக் கீச்சான்: வந்த புதிதில் விடியலில் கரகரவென்று கத்திக்கொண்டே இருக்கும், இடம் பிடிக்கும் சண்டை. செப்டம்பரில் பார்ப்பதில் இளசுகள் நிறைய. விலாவில் பிறை பிறையாகக் கோடு, முகமூடி முழுக் கறுப்பாக இருக்காது. தலை உச்சி சாம்பலாக இருந்தால் அது லூசியோனென்சிஸ் என்னும் கிளையினம், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் கரிச்சான்: கம்பியில் உட்கார்வது சாதாரண இரட்டைவால் கரிச்சான். மர உச்சியின் உள்கிளையில், கண் சிவந்து, அடிவயிறு அடர்சாம்பலாக இருந்தால் இது.

செவிவழி
மெர்லின் பற்றி. நல்ல கருவி, ஆனால் அது சொல்வது 'இங்கே பார்' என்பதற்கு மட்டும். 'இதுதான்' என்பதற்கு அல்ல.

தவறு எங்கே வருகிறது? நடைபாதை ஒலிபெருக்கி, போக்குவரத்து, அணிலின் தொடர் கத்தல் மூன்றும் கலந்தால் குறுகிய குரல்களில் தடுமாறும். கிரீனிஷுக்கும் கிரீனுக்கும் இடையே மாறி மாறிக் காட்டினால் அது குரல் சரியாகப் பதிவாகவில்லை என்று பொருள். சாம்பல் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலைப் போலி செய்யும், அப்போது மரத்தில் இல்லாத பறவைகள் எல்லாம் பட்டியலில் வரும்.

செய்ய வேண்டியது: இந்தியத் தொகுப்பைத் தரவிறக்கி, இருப்பிடத்தை இயக்கி வையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் அழைப்பு குறுக்கிடாது, ஒலி அடையாளம் இணையம் இல்லாமலே ஓடும். ஒலிவாங்கித் துளையைக் கையால் மூடாதீர்கள். பறவைக்கு 15, 20 மீட்டருக்குள் நின்று, பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு குரலைக் கோடுகளாகக் காட்டும் ஒலிவரைபடத்தைப் பாருங்கள். கிரீனிஷ் இரண்டு கோடு, கிரீன் மூன்று கோடு. செயலி என்ன சொன்னாலும் கோட்டை எண்ணினால் நமக்கே தெரிந்துவிடும். பதிவை அழிக்காமல் பட்டியலோடு இணைத்தால் மற்றவர்களும் சரிபார்க்கலாம்.

வட்டச்சில்லு
தொலைநோக்கி: 8×42, அதாவது 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மி.மீ. பூங்காவுக்கு 10 மடங்கு வேண்டாம். பெருக்கம் கூடினால் காட்சி வட்டம் சுருங்கும், கை நடுக்கமும் பெருகும், இலைக்குள் துள்ளும் 8 கிராம் பறவையைப் பிடிக்கவே முடியாது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. வெளிவரும் ஒளிவட்டம். விடியற்காலை இருட்டில் இதுதான் கைகொடுக்கும். எடை குறைய வேண்டும் என்றால் 8×32, அதில் 4 மி.மீ. அதற்குக் கீழே இறங்காதீர்கள். மிக அருகில் குவியும் தூரம் 2.5 மீட்டருக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். புதர்ப் பறவை பத்தடியில் உட்காரும், பல மலிவு வகைகள் அங்கே குவியாது. கண்ணாடி அணிபவர் என்றால் கண் இடைவெளி (கண்ணுக்கும் கண்பக்க வில்லைக்கும் உள்ள தூரம்) 15 மி.மீ. அல்லது மேல் தேவை, கண்குவளையை உள்ளே சுருக்கி வையுங்கள்.

வாங்கியதும் பலர் விடும் வேலை ஒன்று: வலக்கண் திருத்தம். முதலில் இரு குழாயையும் மடக்கி ஒரே வட்டம் தெரியும்படி செய்யுங்கள். வலப்பக்கத்தைக் கையால் மூடி, இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தால் குவியுங்கள். இப்போது இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருகி அதே பலகையைக் கூர்மையாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அரைமணியில் தலைவலி வருகிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு சென்னை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். நனைந்ததை உறைக்குள் வைத்து மூடக் கூடாது. துடைத்து மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு ஆறவிட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும்.

தூரிகை_77
ஆறுமணிக் குருவிக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாமே. கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் இரண்டு நிமிடத்தில் முன்னால் வந்து நிற்கும். படமும் நன்றாகக் கிடைக்கும்.

சருகு
வரும் என்பது உண்மை. ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வந்து, கொழுப்பெல்லாம் கரைந்த நிலையில் ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்திருக்கிறது. இன்னொரு ஆறுமணிக் குருவி வந்துவிட்டது என்று நினைத்து, மேய்ச்சலை விட்டுச் சண்டைக்கு வருகிறது. விடியலிலும் அந்தியிலும் இருக்கும் அந்த அரைமணிதான் அது நன்றாக மேயும் நேரமும். ஒருவர் செய்தால் ஒரு நாள். நகரப் பூங்காவில் படம் வெளியானதும் இருபது பேர் வருவார்கள், இருபது பேரும் ஒலிக்கவிடுவார்கள். அந்த மூலை காலியாகிவிடும்.

ஒலிக்காமலே பார்க்க வழி இருக்கிறது. அது தானாகவே காலை, மாலை ஆறு மணியையொட்டி இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். ஒரு மாலை சத்தம் வரும் திசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியுமுன் அந்த மூலைக்கு 15 மீட்டர் தள்ளி, மரத்தில் சாய்ந்து, தரையோடு தரையாக உட்காருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். கொசுவுக்கு முழுக்கை போதும், கையை ஆட்டினால் எல்லாம் கெட்டுவிடும். படத்துக்குப் பளிச்சொளி வேண்டாம்.

இடத்தைப் பொதுவில் போடும்போது பூங்காவின் பெயரோடு நிறுத்துங்கள். எந்த மதில், எந்த மரம் என்பது வேண்டாம்.

தூரிகை_77
புரிந்தது அண்ணா. ஒலிக்கவிட மாட்டேன்.

மலையகம்_பச்சை
நுவரெலியாவிலிருந்து ஒரு சேர்ப்பு. பூங்காவில் வலசை பார்ப்பதற்கு எங்கள் விக்டோரியா பூங்காவை விட நல்ல எடுத்துக்காட்டு சொல்வது கடினம். நகரின் நடுவில் பூப்பாத்தி, சிறுவர் ரயில் எல்லாம் இருக்கிற இடம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பூப்பாத்தி பக்கமே போவதில்லை. ஓரமாக ஓடும் ஓடையையும், அதன் கரையில் இருக்கிற இருண்ட புதரையும்தான் தேடுகிறார்கள். ஓடை அசுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் ஈரமண்ணும் சருகும் அங்கேதான் மிச்சம். இமயமலையிலிருந்து வருகிற கறுப்பு-வெள்ளைப் பூங்குருவி, இந்திய நீல ராபின், ஆறுமணிக் குருவி, கொடிக்கால் வாலாட்டி எல்லாமே அந்த ஓரத்தில்தான். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் குளிர்காலம் முழுக்க இங்கே இருக்கும். ஆண் என்றால் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. அது நடுமரத்துப் பறவை, வாலை அடிக்கடி நிமிர்த்தும்.

நீங்கள் சொன்ன நேரக் கணக்கு இங்கே கொஞ்சம் பிந்தும். அக்டோபர் கடைசி, நவம்பரில்தான் பறவைகள் நிலையாகத் தங்கும், பிறகு மார்ச் வரை பார்க்கலாம். கறுப்பு-வெள்ளைப் பூங்குருவிக்கு மாலை வெளிச்சம் மங்குகிற கடைசி அரைமணிதான் நல்லது. ஓடைப் பாலத்தில் அசையாமல் நின்றால் அதுவே இறங்கி வரும்.

பெருங்குடி_ஜன்னல்
இடையில் ஒரு அவசரக் கேள்வி. அலுவலகக் கட்டடக் கண்ணாடியில் மோதி ஒரு ஆறுமணிக் குருவி வராந்தாவில் கிடக்கிறது. உயிர் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது. தண்ணீர் கொடுக்கலாமா?

சருகு
வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். செருப்பு அட்டைப்பெட்டி ஒன்று எடுத்து, பக்கவாட்டில் ஏழெட்டுத் துளை போட்டு, அடியில் பருத்தித் துணி விரியுங்கள். இரு கையாலும் சிறகோடு சேர்த்து மெல்லத் தூக்கி உள்ளே விட்டு மூடுங்கள். ஏசி இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வையுங்கள். திறந்து திறந்து பார்க்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். இருட்டுதான் இப்போது மருந்து.

ஒன்று, இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டால், மரமும் புதரும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் தரையில் பெட்டியைச் சாய்த்துத் திறந்து பின்வாங்குங்கள். மேலே வீசக் கூடாது. சாலையோரமும் பூனை, நாய் உள்ள இடமும் வேண்டாம். ஒரு சிறகு தொங்கினாலோ, இரத்தம் இருந்தாலோ, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் இருந்தாலோ வனத்துறைக்கோ, விலங்கு நல அமைப்பான புளூ கிராஸுக்கோ சொல்லுங்கள். குணமாகும் வரை வீட்டில் வளர்ப்போம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அது குற்றம்.

அக்டோபர், நவம்பரில் அந்தக் கண்ணாடியில் இன்னும் மோதும். வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஒட்டினால் குறையும். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பலன் இல்லை, அதைச் சுற்றிய வெற்றிடத்தில் மோதும். இரவில் முகப்பு விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெருங்குடி_ஜன்னல்
பெட்டியில் விட்டாயிற்று. துள்ளும் சத்தம் கேட்கிறது. அருகில் உள்ள தோப்புக்குக் கொண்டுபோகிறோம்.

கதிர்
நல்லது. மயிலை_நடை தம்பிக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது, பதிவு செய்வது.

பறவைப் பதிவுகளுக்கான இணையத்தளமான இ-பேர்டில் 15 நிமிடப் பட்டியலாகப் போடுங்கள். ஒரு மணி நேரத்தை ஒரே பட்டியலாக்குவதை விட, ஒரே பாதையில் நாலு பட்டியல் அதிகம் சொல்லும். 'முழுப் பட்டியல்' என்று குறிக்க வேண்டும் என்றால் காகத்தையும் புறாவையும் எண்ணி எழுத வேண்டும், வலசையை மட்டும் எழுதினால் அது முழுப் பட்டியல் ஆகாது. எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' போடாதீர்கள், குத்துமதிப்பாக ஒரு எண்ணாவது போடுங்கள். ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்குங்கள். கீச்சான் இல்லாத பட்டியல்கள் முதலில் இருந்தால்தான், கீச்சான் வந்த நாளுக்கு மதிப்பு. இந்தியாவில் வலசை வரும் நாளைப் பொதுமக்கள் வழியே தொகுக்கும் வேலை 2007-இல் மைக்ரன்ட்வாட்ச் என்னும் திட்டத்தின் மூலம் ஒன்பது பறவைகளோடு தொடங்கியது. இப்போது அந்த வேலையை இந்தப் பட்டியல்களே செய்கின்றன. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, உலகெங்கும் ஒரே நாளில் பறவைகளைப் பதியும் 'அக்டோபர் பிக் டே' வரும், அன்று ஒரு பட்டியலாவது உங்கள் பூங்காவிலிருந்து போகட்டும்.

மழை நாளைத் தவிர்க்க வேண்டாம். இரவெல்லாம் பெய்து விடியலில் விட்டால், பறந்துகொண்டிருந்தவை இறங்கியிருக்கும். அந்தக் காலையை விடாதீர்கள்.

மயிலை_நடை
நன்றி அண்ணா. பெருக்காமல் விடச் சொல்லி மாநகராட்சியிடம் கேட்டால் கொசு, பாம்பு என்பார்களே. என்ன பதில் சொல்வது?

சருகு
மண்டல அலுவலகத்தில் பூங்காப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். நடைபயிற்சி சங்கம் இருந்தால் அவர்கள் கையொப்பத்தோடு. முழுப் பூங்காவையும் கேட்காதீர்கள். 5 மீட்டருக்கு 10 மீட்டர், மதிலோரம், ஏற்கெனவே புதர் உள்ள ஒரே ஒரு துண்டு. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. பாதையிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. பாம்புப் பேச்சுக்கு அந்த இடைவெளியே பதில்.

கொசுவுக்கு: டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில், பிளாஸ்டிக் கப், தேங்காய்ச் சிரட்டை, டயரில். மண்ணில் படிந்த சருகில் தண்ணீர் தேங்காது, ஊறிவிடும். அதனால் அந்தத் துண்டில் வாரம் ஒருமுறை பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குவதாக நீங்களே எழுதிக் கொடுங்கள், செய்யவும் செய்யுங்கள். நாட்டு வாதுமை இலை பெரிது, கிண்ணம் போல மடிந்து நீர் பிடிக்கும், அதை மட்டும் நீக்கிவிடலாம். புங்கம், மா, வேம்பு இலைகள் நல்லது. இரண்டு, மூன்று அங்குல உயரம் போதும். குவியலாகக் கொட்டினால் சூடேறி அழுகும், பரப்பிவிடச் சொல்லுங்கள்.

துப்புரவுப் பணியாளரிடம் நேரில் பேசுவது மனுவை விட முக்கியம். அந்த அக்காவுக்கு மேலதிகாரி திட்டுவார் என்ற பயம் இருக்கும். ஒரு சின்னப் பலகை, 'இங்கே சருகு அகற்றப்படாது, வலசைப் பறவைகளுக்காக' என்று மாநகராட்சி அனுமதியோடு வைத்துவிட்டால் அவருக்கும் தொல்லை இல்லை. மனுவை ஆடி மாதமே கொடுத்துவிடுங்கள். ஆவணியில் கொடுத்தால் அனுமதி வருவதற்குள் கொடிக்கால் வாலாட்டி வந்துவிடும்.